ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவரும் பஸ் செயலியும்

சென்னையில் பஸ் ஏறிப் பழகியவர்களுக்கு ‘ஒயிட் போர்டு’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண வண்டி. ஒரு காலத்தில் அந்த வண்டியின் முகப்பில் வெள்ளைப் பலகை இருந்தது. பலகையின் நிறத்தைப் பார்த்தே டிக்கெட் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்கள். பலகை போய் எல்.இ.டி. எழுத்து வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2022-இல், பெண்கள் கட்டணமில்லாமல் பயணிக்கும் வண்டிகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார்கள். மறுபடியும் நிறம்தான்.

கண் தெரியாதவர் என்ன செய்வார்? பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். “என்ன வண்டிங்க வருது?” “29சி. ஒயிட் போர்டுதான், ஏறிக்கோங்க.” கண்ணுக்கு மட்டும் எட்டிய ஒரு தகவல் நாலே வார்த்தையில் காதுக்கு வந்துவிட்டது. பஸ் நம்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், கண்ணாடியை வீட்டில் மறந்துவந்த வாத்தியாருக்கும், நேற்றுதான் பீகாரிலிருந்து வந்து இறங்கிய கட்டடத் தொழிலாளிக்கும் அதே ஆள்தான் உதவி.

இப்போது அந்த ஆள் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாக போனுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எந்த வண்டி, எப்போது வரும், எங்கே நிற்கும், எவ்வளவு, எங்கே இறங்குவது, வண்டி வராவிட்டால் யாரிடம் கேட்பது, எல்லாமே செயலியிலோ இணையதளத்திலோ டிக்கெட் மெஷினிலோ இருக்கிறது. பக்கத்தில் நின்றவர் எல்லாருக்கும் பதில் சொன்னார். அவர் இடத்துக்கு வந்த செயலியும் எல்லாருக்கும் பதில் சொல்கிறதா? டிஜிட்டல் அணுகல்தன்மை என்று பேசப்படுவது இந்தக் கேள்வியைத்தான். ஒருவருடைய கண், காது, கை, ஞாபகம் எந்த நிலையில் இருந்தாலும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தகவலும் சேவையும், அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் அவருக்கும் கிடைக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். இந்தியா முழுவதும் 2.68 கோடி. கையில் மாவுக்கட்டோடு ஒற்றை விரலில் போனைத் தட்டுபவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அறுபதைத் தாண்டி எழுத்து மங்கத் தொடங்கியவர்களும் வரமாட்டார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்து நிமிடம்

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது சுலபம். உங்களிடம் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய் ‘டாக்பேக்’ என்பதை இயக்குங்கள். ஐபோனில் அதன் பெயர் ‘வாய்ஸ்ஓவர்’. எப்படி நிறுத்துவது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் இயக்கிவிட்டு போன் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். இயக்கியதும் போன் பேச ஆரம்பிக்கும். வலப்பக்கம் விரலால் தள்ளினால் அடுத்ததற்குப் போகும். எதில் நிற்கிறதோ அதன் பெயரைச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அது திறக்கும். திரை வாசிப்பான் என்பது இதுதான். கம்ப்யூட்டரில் இதே வேலையைச் செய்யும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை, 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்க, பார்வையற்ற நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

சரி, இப்போது கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஊர் பஸ் செயலி ஏதாவதொன்றைத் திறந்து, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வண்டியைத் தேடுங்கள்.

என் நண்பர் ஒருவர் பிறவியிலிருந்தே பார்வையற்றவர். அவர் பயண டிக்கெட் எடுப்பதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தச் செயலி என்பதை விட்டுவிடுவோம். போன் சொன்னது இப்படி: “பட்டன். பட்டன். பெயரில்லாத பட்டன். படம். பட்டன்.” கண்ணுக்கு அதே திரையில் பூதக்கண்ணாடி, வீடு, மணி, மூன்று கோடு என்று அழகான குறிகள் தெரிந்தன. குறி வரைந்தவர் ஒவ்வொன்றுக்கும் ‘தேடு’, ‘முகப்பு’, ‘அறிவிப்புகள்’ என்று ஒரு வார்த்தை எழுதிச் சேர்த்திருந்தால் போதும். நிரல் எழுதுபவருக்கு அது ஒரு வரி வேலை. ஸ்டாப்பில் “என்ன வண்டி வருது?” என்று கேட்டால் “வண்டி” என்று மட்டும் பதில் சொல்லும் மனிதரை நினைத்துப் பாருங்கள்.

நண்பர் அசரவில்லை. இடமிருந்து நாலாவது பட்டன்தான் ‘டிக்கெட்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அடுத்த மாதம் செயலியைப் புதுப்பித்தார்கள். நாலாவது ஐந்தாவதாகிவிட்டது. சமாளித்துக்கொள்வார்கள் என்று நாம் நினைக்கும் பல விஷயங்களின் நிலைமை இதுதான்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது, சரியாக உச்சரிக்கவும் வேண்டும். சென்னை பஸ் எண்கள் விசித்திரமானவை: 21ஜி, 12எம், 29சி. எண்ணுக்குப் பின்னால் ஆங்கில ‘ஜி’ வந்தால் அதைக் கிராம் என்று எடுத்துக்கொண்டு “இருபத்தொரு கிராம்” என்று படிக்கும் குரல்கள் உண்டு. 12எம் பன்னிரண்டு மீட்டர் ஆகலாம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போதுதான் ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் இருபத்தொரு கிராம் எடையுள்ள பஸ்ஸுக்காகக் காத்திருக்கக் கூடாதே. எண்ணையும் எழுத்தையும் பிரித்துப் படிக்கச் சொல்லி உள்ளே ஒரு குறிப்பு வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

வரைபடம் அழகுதான், பட்டியல் எங்கே?

இப்போதைய பஸ் செயலிகளின் பெருமை, ஓடும் வரைபடம். குட்டி பஸ் படம் அண்ணா சாலையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். திரை வாசிப்பானுக்கு அந்த வரைபடம் ஒரு வெற்றுச் சுவர். கை நடுங்குபவருக்கு, இரண்டு விரலால் விரித்துச் சுருக்கி இழுப்பது சர்க்கஸ் வேலை. வெயிலில் நிற்பவருக்கும் நெட் மெதுவாக உள்ளவருக்கும் அது பெரிய உதவியில்லை.

அதே தகவலை எழுத்தில் ஒரு பட்டியலாகவும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது: “29சி, இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கிறது, 6 நிமிடம்.” வரைபடத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. அது இருக்கட்டும், பட்டியலும் வேண்டும். ஆறு நிமிடம் ஐந்தாக மாறும்போது எழுத்து மட்டும் மாறினால் திரை வாசிப்பான் மௌனமாக இருந்துவிடும், எனவே அதைச் சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத் திரையில் உள்ள பத்து வண்டிகளின் நிமிடங்களையும் நொடிக்கொரு தரம் ஒப்பித்துக்கொண்டிருந்தால் போனைத் தூக்கி எறியத் தோன்றும். அவர் காத்திருக்கும் வண்டி மட்டும், ஏதாவது மாறும்போது மட்டும். ஸ்டாப்பில் நிற்கும் மனிதர் இதை யாரும் சொல்லித்தராமலே செய்வார்.

நிறம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வெளியூர்ப் பேருந்து முன்பதிவில் இருக்கை வரைபடம் வரும்: காலி இருக்கை ஒரு நிறம், விற்றது சாம்பல், பெண்களுக்கு இளஞ்சிவப்பு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதில் சிக்கல் உண்டு. நம் பக்கம் விகிதம் குறைவு என்றாலும் ஒரு பஸ் நிறையத் தேறுவார்கள். நிறத்தோடு ஓர் எழுத்தோ குறியோ சேர வேண்டும். லண்டன் சுரங்க ரயில் வரைபடம் நிறத்துக்கே பெயர்போனது. அங்கேயே நிறமில்லாமல், கோடுகளைப் புள்ளி, கட்டம், பட்டை என்று வேறுபடுத்திக் காட்டும் கறுப்பு வெள்ளைப் பதிப்பு ஒன்றையும் போக்குவரத்து நிறுவனமே வெளியிடுகிறது.

பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே இருக்க வேண்டிய வெளிச்ச வித்தியாசத்துக்கு ஓர் எண்ணே உண்டு: குறைந்தது 4.5-க்கு 1. பெரிய எழுத்தானால் 3-க்கு 1 போதும். வெள்ளைத் திரையில் இளஞ்சாம்பல் எழுத்து ஏசி அறையில் நாகரிகமாகத் தெரியும். அக்கினி நட்சத்திரத்தில், நிழற்குடை இல்லாத ஸ்டாப்பில் நின்று அதைப் படித்துப் பார்த்தவர் அந்த நிறத்தை இன்னொரு முறை தேர்ந்தெடுக்க மாட்டார்.

டிக்கெட் எடுக்கும் இடத்தில்தான் கயிறு அறுகிறது

பயணம் ஒரு சங்கிலி. வண்டியைக் கண்டுபிடித்து, நேரம் பார்த்து, இருக்கை தேர்ந்து, பெயர் வயது எல்லாம் நிரப்பி, கடைசியில் பணம் கட்டும் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் முன்னே செய்த அத்தனையும் வீண். ஒன்பது பக்கம் நன்றாக இருந்து பத்தாவது பக்கம் முடியாமல் போனால், அவரைப் பொறுத்தவரை டிக்கெட் இல்லை. “எங்கள் தளம் தொண்ணூறு சதவீதம் அணுகக்கூடியது” என்று ஒரு நிறுவனம் சொன்னால் மீதிப் பத்து எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

பெரும்பாலும் அது மூன்று இடங்களில் இருக்கும். ஒன்று கேப்ட்சா, அதாவது நெளிந்த எழுத்தைப் படித்து நிரப்பச் சொல்லும் கட்டம். கண் தெரியாதவருக்கு அது பூட்டு. எழுத்தைப் படிப்பதே சிரமமாகும் டிஸ்லெக்சியா உள்ளவருக்கும் பூட்டு.

இரண்டு, நேரம். பின்னோக்கி ஓடும் கடிகாரம் வைத்து, முடிந்தால் வெளியே தள்ளிவிடுவார்கள். திரை வாசிப்பானில் ஒரு படிவத்தை நிரப்பக் கூடுதல் நேரம் பிடிக்கும். நடுவில் ஓடிபி வரும். குறுஞ்செய்திக்குப் போய், கேட்டு, நினைவில் வைத்து, திரும்பி வந்து தட்ட வேண்டும். இணைய அணுகல்தன்மைக்கான உலகப் பொது வழிகாட்டி, நேரம் முடிவதற்கு முன் எச்சரித்து, ஒரே தட்டில் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தரச் சொல்கிறது. 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பு, உள்நுழைவதற்காக எதையும் மனப்பாடம் செய்யவோ பார்த்து எழுதவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறது. ஓடிபியை நகலெடுத்து ஒட்டவிடாமல் தடுக்கும் பக்கங்கள் இங்கே தோற்றுப்போகும்.

மூன்று, பிழைச் செய்தி. “தவறான உள்ளீடு” என்று சிவப்பில் ஒரு வரி. எந்தக் கட்டத்தில், என்ன தவறு? பார்ப்பவருக்குச் சிவப்புக் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். பார்க்காதவர் மறுபடியும் முதலிலிருந்து. “வயது என்ற இடத்தில் எண் மட்டும் எழுதுங்கள்” என்று சொல்லிவிடலாமே.

இதற்கு நடுவே எதிர்பாராத நல்லது ஒன்றும் நடந்திருக்கிறது. சென்னை மெட்ரோ 2023 மே மாதம் வாட்ஸப் வழியாக டிக்கெட் தரத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்துத் தொடங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் வாட்ஸப்பைத் திரை வாசிப்பானில் ஏற்கெனவே பழகியவர்களுக்கு, புதிய செயலி ஒன்றைக் கற்றுக்கொள்ளும் வேலையே இல்லாமல் போய்விட்டது. கேள்வி வரும், பதில் அனுப்பினால் டிக்கெட். மக்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் கருவியைத் தேடிப் போவது, புதிதாக ஒன்று கட்டுவதைவிடப் பல நேரம் புத்திசாலித்தனம். (அப்புறம் அந்த க்யூஆர் கோடை நிலைய வாசலில் எந்த இடத்தில் காட்டுவது என்று கண் தெரியாதவர் தடவித் தேட வேண்டியிருக்கும். அதற்கு மென்பொருளில் வைத்தியம் இல்லை. வாசல் தோறும் ஒரே உயரத்தில், தொட்டால் தெரியும்படி வைக்க வேண்டும்.)

டிக்கெட் பற்றி இவ்வளவு பேசினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. 2021 முதல் தமிழ்நாட்டுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களோடு திருநங்கைகளும், மாற்றுத்திறனாளிகளும், அவர்களோடு வரும் உதவியாளரும் கட்டணமில்லாமல் போகிறார்கள். அவர்களுக்குச் செயலியிலிருந்து தேவைப்படுவது டிக்கெட்டைவிட, எது அந்த வண்டி என்ற தகவல். முதல் திரையில் டிக்கெட் விற்பனையை வைத்துவிட்டுத் தகவலை மூன்றாம் திரையில் ஒளித்து வைப்பது யாருடைய வசதிக்கு?

தமிழில் வரும் தனிச் சிக்கல்கள்

வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. அதனால் இந்தப் பகுதியை யாரும் நமக்காகச் சொல்வதில்லை, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எழுத்துரு. கால அட்டவணை பிடிஎஃப் கோப்பாகத் தளத்தில் இருக்கும். திறந்தால் பளிச்சென்று தமிழ். திரை வாசிப்பானைக் கேட்டால் உளறும். காரணம், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அந்த எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்கின்றன: உள்ளே ஆங்கில எழுத்தையே வைத்துக்கொண்டு வெளியே தமிழ் உருவத்தைக் காட்டுகின்றன. ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். கண்ணுக்குத் தமிழ், காதுக்குக் குப்பை. தேடினாலும் கிடைக்காது, மொழிபெயர்க்கவும் முடியாது. அதைவிட மோசம், அட்டவணையை அச்சடித்து, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து படமாக ஏற்றுவது. அதில் எழுத்தே இல்லை. மருந்து ஒன்றுதான்: தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறையான யூனிகோடில், சாதாரண இணையப் பக்கமாக, உண்மையான அட்டவணையாகப் போடுவது. அப்படிச் செய்தால்தான் “காலை 6.15 எந்த வண்டி” என்று குறுக்கு வரிசையும் நெடு வரிசையும் சேர்த்துத் திரை வாசிப்பான் சொல்லும்.

அடுத்து நீளம். ஆங்கிலத்தில் குட்டியாக முடியும் பட்டன் தமிழில் ‘பயணச்சீட்டு பெறுக’ என்று ஆகிறது. வடிவமைப்பவர் ஆங்கிலத்தில் சரிபார்த்துவிட்டுப் போய்விடுவார். வயதானவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். விளைவு: ‘பயணச்சீ…’. எழுத்தை இரண்டு மடங்காக்கினாலும் எதுவும் மறையக் கூடாது, வெட்டுப்படக் கூடாது என்பது பொது விதி. தமிழுக்கு இது இரட்டிப்பு முக்கியம். வரி உயரம் குறைந்தால் மேலே சுழியும் கீழே வளைவும் வெட்டுப்படும். ‘கீ’ ‘கி’ போலத் தெரியும். என் சொந்தக் கருத்து, ‘பயணச்சீட்டு’ என்ற சொல்லையே விட்டுவிட்டு ‘டிக்கெட்’ என்று எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். கண்டக்டரிடம் யாரும் பயணச்சீட்டு கேட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு பெயர்கள். ஒரே இடம் சிலருக்குப் பாரிமுனை, சிலருக்குப் பாரிஸ், சிலருக்குப் பிராட்வே. எழும்பூர் என்றும் எக்மோர் என்றும் தேடுவார்கள். தி.நகர், டி.நகர், தியாகராய நகர். 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, எழுந்த குழப்பத்தைப் பார்த்து ஒரு சில நாளில் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். எது சரி என்ற சண்டை எனக்கு வேண்டாம். தேடல் கட்டம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஒற்று விட்டுப்போனாலும், ‘ல’வுக்கு ‘ள’ விழுந்தாலும். எழுத்துப்பிழையை மன்னிக்கும் தேடல், அதிகம் படிக்காதவருக்கும் டிஸ்லெக்சியா உள்ளவருக்கும் வாயால் சொல்லித் தேடுபவருக்கும் ஒரே நேரத்தில் உதவுகிறது.

கடைசியாக நடை. “தொழில்நுட்பக் காரணங்களால் மேற்படி தடத்தில் இயக்கம் தற்காலிகமாக இடைநிறுத்தம் செய்யப்பட்டுள்ளது.” இதைப் படித்துவிட்டு ஸ்டாப்பில் நிற்கலாமா, வீட்டுக்குப் போகலாமா? “இன்று மாலை வரை 29சி ஓடாது” என்றால் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் புரியும், அவசரத்தில் உள்ளவருக்கும் புரியும். சிறு வயதிலிருந்தே காது கேளாதவர்கள் பலருக்கு முதல் மொழி சைகைமொழி. எழுத்துத் தமிழ் இரண்டாவதாகக் கற்ற மொழி. அவர்களுக்கு நீளமான செயப்பாட்டு வாக்கியம் இரட்டைச் சுமை. அதே போல ‘உதவிக்கு அழைக்கவும்’ என்று ஒரு போன் எண் மட்டும் போட்டால் அவர்களுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. குறுஞ்செய்தி அனுப்பவும் ஒரு வழி வேண்டும்.

தெரியாது என்பதும் ஒரு தகவல்

செயலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தகவல் பொய்யென்றால் பயனில்லை. பேருந்துத் தடம், நிறுத்தம், நேரம் ஆகியவற்றை உலகம் முழுக்க ஒரே வடிவில் பகிர்ந்துகொள்ள ஜிடிஎஃப்எஸ் என்றொரு முறை இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. அதில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சக்கர நாற்காலியோடு ஏற முடியுமா என்று குறிக்க ஓர் இடம் உண்டு. 1 என்றால் முடியும், 2 என்றால் முடியாது, 0 என்றால் தகவல் இல்லை. நிறுத்தத்தின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று தனியாக எழுதிவைக்கவும் ஓர் இடம் இருக்கிறது.

அந்த 0-வை எனக்கு மிகவும் பிடிக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை அது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு ‘தகவல் இல்லை’ என்பது திட்டமிட உதவும். போன் செய்து கேட்பார், வேறு வழி பார்ப்பார். ‘முடியும்’ என்ற பொய்யை நம்பிப் போனால் நடுவழியில் நிற்பார். லிஃப்ட் விஷயமும் அப்படித்தான். நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று வரைபடம் சொல்லும். இன்று ஓடுகிறதா என்று சொல்ல வேண்டியது யார்? லண்டனில் ஓடாத லிஃப்ட் எது என்ற நிலவரத்தை நிலைய வாரியாக இணையத்தில் பார்க்கலாம். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் தெரிந்தால்தான் அந்தத் தகவலுக்கு மதிப்பு.

வண்டி ஸ்டாப்புக்கு வந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. செயலி ‘29சி வந்துவிட்டது’ என்கிறது. எதிரே மூன்று வண்டிகள் நிற்கின்றன. எது? இதற்காக டெல்லி ஐஐடி ‘ஆன்போர்டு’ என்று ஒரு கருவியை உருவாக்கியது. கையிலுள்ள சிறு கருவியின் பட்டனை அழுத்தினால், எதிரே நிற்கும் பஸ்ஸின் வாசலருகே உள்ள ஒலிபெருக்கி அதன் எண்ணைச் சொல்லும்; சத்தம் வரும் திசையை வைத்து வாசலைக் கண்டுபிடித்துவிடலாம். ஏறிய பிறகு எங்கே இறங்குவது என்பதற்குச் சென்னை மாநகரப் பேருந்துகள் பலவற்றில் இப்போது நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் கேட்கிறது. பார்வையற்றோருக்கு அது பெரிய உதவி. ஜன்னல் சாத்திய மழைநாளில் எல்லாரும் அதைத்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அரசோ தனியாரோ, சேவை தருபவர்கள் அதை அணுகும்படி தர வேண்டும். ஆனால் விதிகள் ‘பரிந்துரை’ பாணியில் இருந்ததால் யாரும் பயப்படவில்லை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தப் 15-ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாயமான அளவுகோல்களை வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பு. அமிலவீச்சில் பாதிக்கப்பட்ட ஒருவரால், வங்கிக் கணக்குக்காகக் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட முடியவில்லை. அந்த வழக்கில், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். முகத்தைக் காட்டி நுழையும் பயண வசதிகள் வரிசைகட்டி வரும் நேரத்தில் இதைப் போக்குவரத்துக்காரர்களும் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பாவில் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. தளம், செயலி, மின் டிக்கெட், நேரலைப் பயணத் தகவல் எல்லாம் அதில் அடக்கம். நகரப் பேருந்துகளுக்கும் புறநகர்ச் சேவைகளுக்கும் மட்டும் அதில் டிக்கெட் மெஷின் போன்ற தானியங்கிக் கருவிகளே கட்டாயம் என்பது பலர் கவனிக்காத ஓட்டை. (பொதுத்துறை நிறுவனங்களின் தளங்களை 2016-இல் வந்த வேறொரு சட்டம் பிடிக்கிறது.)

ஆனாலும் எனக்குப் பிடித்த வழக்கு சிட்னியுடையது. கிரேம் இன்னஸ் பிறவியிலிருந்தே பார்வையற்றவர், அப்போது ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாடு தொடர்பான ஆணையர். தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர். அடுத்த நிலையம் எது என்ற அறிவிப்பு பல நாள் வரவில்லை, வந்தாலும் புரியவில்லை. ரயில் நிறுவனத்திடம் சொல்லிப் பார்த்தார், பிறகு நீதிமன்றம் போனார். 2013-இல் 10,000 டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆணையருக்கே இந்தப் பாடு என்றால்!

ஒரு நிறுவனம் எங்கிருந்து தொடங்கலாம்

தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிக் குறியோடு ஒரு பட்டன் வைத்து, அதைத் தட்டினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும் என்று விற்கும் ஒட்டுவேலை மென்பொருள்கள் சந்தையில் நிறைய. ஒரு வரி நிரல் சேர்த்தால் தளம் முழுவதும் அணுகக்கூடியதாகிவிடும் என்பார்கள். அப்படி விளம்பரம் செய்த ஆக்சஸிபி நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025-இல் அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. பெயரில்லாத பட்டனுக்கு ஒட்டுவேலையால் சரியான பெயர் வைக்க முடியாது. அது என்ன பட்டன் என்று அதைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

தானாகச் சோதிக்கும் கருவிகள் பயனுள்ளவை. நிறவேறுபாட்டையும் விட்டுப்போன பெயரையும் அவை பிடித்துவிடும். பெயர் இருக்கிறதா என்று பார்க்கும், அந்தப் பெயர் அர்த்தமுள்ளதா என்று பார்க்காது. அதற்கு மனிதர் வேண்டும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு டிக்கெட் எடுக்க முயல்வது முதல் சோதனை. அடுத்து, பார்வையற்ற ஒருவர், காது கேளாத ஒருவர், கை நடுங்கும் ஒரு பெரியவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவர் என நாலு பேரை, சம்பளம் கொடுத்து, உண்மையான பயணம் ஒன்றைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, உதவவும் கூடாது. எங்கே தடுமாறுகிறார்களோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். செயலியைக் கட்டி முடித்த பிறகு இதைச் செய்தால் செலவு அதிகம். காகிதத்தில் படம் போடும்போதே கேட்டுவிட்டால் ஏறக்குறைய இலவசம்.

இவ்வளவும் செய்தாலும் ஸ்மார்ட்போன் இல்லாதவர் இருக்கத்தான் செய்வார். லண்டன் பேருந்துகள் 2014 ஜூலையில் ரொக்கம் வாங்குவதை நிறுத்தின. நம் ஊரில் கண்டக்டர் இன்னும் இருக்கிறார். யாராவது செயலியைக் காட்டி அவரை எடுத்துவிடலாம் என்றால் நான் எதிர்ப்பேன். சாதாரண போனிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பினால் பஸ் நேரம் வரும் ஏற்பாடு, பணம் வாங்கும் ஒரு கவுண்டர், பதில் சொல்லும் ஓர் ஆள், இவையும் அணுகல்தன்மைதான்.

முன்பு சொன்ன நண்பர் அந்தப் பெயரில்லாத பட்டன்களைப் பற்றி எழுதிப்போடலாம் என்று நிறுவனத்தின் புகார்ப் படிவத்தைத் திறந்தார். பெயர், போன் எண், புகார் என்ன, எல்லாம் ஒழுங்காகப் பேசியது. நிரப்பி முடித்து அனுப்பும் இடத்துக்கு வந்தார். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கும் கட்டம் வந்தது. ஒன்பது படங்கள். “இவற்றில் பேருந்து உள்ள படங்களையெல்லாம் தொடவும்.”

போனை என் பக்கம் நீட்டினார். “என்ன வண்டிங்க வருது?” என்றார்.